கரிக் கூட்டமும் மீட்டிங் அக்காவும்

மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு கூட்டத்துக்கு அதைக் கூட்டியவரே வராமல் போயிருக்கலாம். மீட்டிங் அக்கா வராமல் போனதில்லை.

எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர் அவர். சம்பளச் சீட்டில் வேறொரு பெயர் இருந்தது. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியான நான் அதை மாதம் ஒருமுறை பார்ப்பேன், உடனே மறந்துவிடுவேன். பள்ளிப் பெற்றோர் கூட்டம் (அவருக்குப் பிள்ளைகள் கிடையாது), கோயில் கமிட்டி, டெங்கி ஒழிப்பு, தண்ணீர் வடிகட்டி விற்பனை என்று ஒன்றையும் விடமாட்டார். ஒருமுறை திரிங்காப்பில் பூந்தோட்டக்காரர்கள் முழுக்க முழுக்கச் சீனத்தில் நடத்திய கூட்டத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

"என்னக்கா புரிஞ்சுச்சு?" என்று கேட்டேன்.

"நல்லா பேசுனாங்க லா. டீயிலதான் சக்கரை பத்தல."

வெறுமனே உட்கார்ந்துவிட்டு வந்தால் பரவாயில்லை. கேள்வி கேட்பார். காப்புறுதி விற்க வந்த ஒரு டை கட்டிய ஆசாமி, நாம் செத்த பிறகு குடும்பத்துக்குக் கிடைப்பதையெல்லாம் உருக்கமாகச் சொல்லி முடித்ததும், "சரி தம்பி, நான் சாகலன்னா என்ன செய்வீங்க?" என்றார். அந்தத் தம்பி அதற்கப்புறம் மலையேறும் வழியில் இருக்கும் ரிங்லெட்டுக்கு மேலே ஏறியதாகத் தகவல் இல்லை.

இப்படிப்பட்டவர் இருக்கும் எஸ்டேட்டுக்குத்தான் கார்பன் வந்து சேர்ந்தது.

நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு மேலே இருக்கும் காட்டை வெட்டாமல் காப்பாற்றினால், எங்கோ புகை விடும் கம்பெனிகள் அதற்காக எஸ்டேட்டுக்குப் பணம் தருமாம். கோலாலம்பூரிலிருந்து ஆலோசகர் ஒருவர் வந்து விளக்குவார், லயத்து மக்கள் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் எஸ்டேட் மேனேஜரான துரை. ஒலிபெருக்கியில் அறிவிக்கும் வேலை எனக்கு. கார்பன் என்றால் யாருக்குப் புரியும் என்று நல்ல தமிழில், "ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மண்டபத்தில் கரி விற்பனை குறித்த கூட்டம்" என்று மூன்று முறை அறிவித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. பாதிப் பேர் கையில் தூக்குச்சட்டி. "ஆட்டுக் கறியா, கோழியா கிராணி?" என்று வாசலிலேயே மடக்கினார்கள்.

விஷயம் தெரிந்ததும் சிலர் கோபித்துக்கொண்டு கிளம்ப, மற்றவர்கள் பெரிய மனது பண்ணி உட்கார்ந்தார்கள். ஆலோசகர் ஒரு சின்னப் பெண்; சேற்றையே பார்த்திராத புத்தம்புதுக் காலணி போட்டிருந்தாள். அவள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். முடித்தவுடன் அக்கா எழுந்தார்.

"அப்ப புகை விடுறவன் விட்டுக்கிட்டேதான் இருப்பான்?"

"கொறைச்சுக்குவாங்க அக்கா. கொறைக்க முடியாததுக்குத்தான் இது" என்று அந்தப் பெண்ணின் பதிலைச் சொன்னேன்.

"என் வீட்டுக்காரரு சிகரெட்ட விடமாட்டாரு. பக்கத்து வீட்டுக்காரனுக்குக் காசு குடுத்து, நீ குடிக்காதேன்னு சொல்லிட்டா இவரு இருமல் நின்னுடுமா?"

மண்டபம் சிரித்தது. நான் மொழிபெயர்த்ததும் அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். பெரிய பெரிய படிப்பாளிகளும் இதே சண்டையைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றாள்.

லோரி ஓட்டும் முனியாண்டி விடவில்லை. "சும்மா இரு அக்கா. மேல மரத்த வெட்டி லெம்பா பெர்த்தாம் ஊருல சேறு வந்து வீட்டுக்குள்ள நின்னது மறந்து போச்சா? எவன் காசு குடுத்தா என்ன, மேல மரம் நிக்கட்டுமே!"

"மரம் நிக்க வேணாம்னு நான் எங்கடா சொன்னேன்?" என்றவர், விறுவிறுவென்று சுவரில் மாட்டியிருந்த காட்டு வரைபடத்தின் அருகே போனார். "கிராணி, இந்தப் பச்சைக் கோட்டுக்குள்ள யாரு போகலாம்?"

காகிதங்களை ஒரு வாரத்துக்கு முன்பே படித்தவன் நான். கோட்டுக்குள் முப்பது வருஷத்துக்கு யாரும் அனுமதியில்லாமல் நுழையக் கூடாது. லயத்துக்குத் தண்ணீர் வரும் குழாய் தொடங்குவதோ அந்தக் காட்டு ஓடையில். வாரம் ஒருமுறை யாராவது ஏறிப்போய்க் குழாய் வாயில் அடைத்த இலையை அள்ளாவிட்டால், கீழே சொட்டுத் தண்ணீர் வராது. இதைத் துரையிடம் சொல்லப் போனேன். "கையெழுத்து முதலில், மற்றது பிறகு" என்றார். மறுபேச்சுப் பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். சமையலும் குளியலும் அந்தத் தண்ணீரில்தான். அதில் என் வீட்டுக் குளியலும் அடக்கம்.

"யாரும்... போகக் கூடாதுக்கா" என்றேன்.

"அப்ப பைப்ப யாரு போயி பார்ப்பா? புகை விடுற கம்பெனிக்காரன் வருவானா?"

துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். ஆலோசகர் பெண்ணின் முகம் மாறியது. "குழாயா? எந்தக் குழாய்? என்னிடம் யாருமே சொல்லவில்லையே!"

"வா லா, காட்டுறேன்" என்று அவள் கையைப் பிடித்துக் கிளம்பிவிட்டார் அக்கா. பின்னால் நானும் துரையும். எங்களுக்குப் பின்னால் தூக்குச்சட்டிகளோடு பாதி எஸ்டேட்.

அரை மணி நேர ஏற்றம். புதுக் காலணி போன இடம் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் காலில் ஏழு அட்டைகள். ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்துகொண்டே குழாயைக் காட்டினார் அக்கா. ஓடையிலிருந்து இரண்டு குழாய்கள் கிளம்பின. ஒன்று லயத்துக்கு.

"அந்த இன்னொன்று?" என்று கேட்டாள் அவள்.

"அதுவா? துரை பங்களாவுக்கு" என்றார் அக்கா.

துரை அதுவரை அந்தக் காட்டுக்குள் வந்ததே இல்லை. அந்தக் குழாயைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, "தண்ணீர் முக்கியம்தான்" என்று ஆங்கிலத்தில் மிகுந்த அக்கறையோடு சொன்னார்.

அன்று யாரும் கையெழுத்துப் போடவில்லை. இரண்டு மாதம் கழித்துப் புது வரைபடம் வந்தது. ஓடையும் அதற்குப் போகும் பாதையும் கோட்டுக்கு வெளியே இருந்தன. காடு உள்ளே பத்திரமாக இருந்தது. முனியாண்டிதான் முதல் கையெழுத்துப் போட்டான். அப்போதுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. கார்பன் விற்பது சரியா தப்பா என்று ரிங்லெட் சாப்பாட்டுக் கடையில் இன்னும் சண்டை நடக்கிறது. நடக்கட்டும். தண்ணீர் வருகிறது.

கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். "எனக்கு முன்னாடியே தெரியும்க்கா. வேலை போயிருமோன்னு பயந்துட்டேன்" என்றேன்.

"தெரியும் லா" என்றார், கீரை ஆய்ந்துகொண்டே. "மண்டபத்துல அந்தத் தாளப் படிக்கிறப்ப ஒன் மூஞ்சி செத்துப் போயிருந்துச்சு. ஒனக்கு சின்னப் புள்ளைங்க இருக்கு. நீ கேட்டா வேலை போகும். நான் கேட்டா, இவ எப்பவும் இப்படித்தான்னு விட்டுருவாங்க. அதான் நானே எந்திரிச்சேன்."

எனக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது. ஆபீஸ் படிவங்களில் அந்தக் கட்டத்துக்கு நேராக 'இல்லை' என்று யோசிக்காமல் எழுதுவேன். இப்போதெல்லாம் அங்கே வந்ததும் பேனா கொஞ்சம் தயங்குகிறது.