சட்டத்தார் மறைத்து வைத்த நடைவண்டி

பிள்ளைகளே, பாராளுமன்றத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து வாசித்ததை விட, முதியோர் பராமரிப்புச் சட்டத்தை அதிக தடவை வாசித்த ஒரு மனிதர் கிங்ஸ்பரியில் எங்கள் அடுத்த வீட்டில் இருக்கிறார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் சட்டத்தார்.

அது என்ன சட்டம் என்று கேட்பீர்கள். வயது போய், தனியே குளிக்கவோ சமைக்கவோ முடியாதவர்களுக்குக் கவுன்சில், அதாவது நகரசபை, வீட்டுக்கு ஆள் அனுப்பி உதவும். யாருக்கு எவ்வளவு உதவி என்று பார்க்க முதலில் ஒரு அதிகாரி வந்து கேள்வி கேட்பார். இதையெல்லாம் திருத்தப்போகிறோம், புதுச் சட்டம் வருகிறது என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. சட்டத்தாருக்குப் பொறுமை இல்லை. சிவப்புப் பேனாவை எடுத்துத் தானே திருத்தத் தொடங்கிவிட்டார்.

திருத்தங்களை எம்.பி.க்கு அனுப்புவார். ‘உங்கள் கடிதத்துக்கு நன்றி’ என்று ஒரு வரியில் பதில் வரும். அதைக் கலியாண ஆல்பத்தில், தாலி கட்டும் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பார்.

அவருடைய முதலாவது திருத்தம்: ‘அதிகாரி சொல்லாமல் வரவேண்டும். வந்த இடத்தில் தேத்தண்ணி குடிக்கக் கூடாது.’

காரணம் இருந்தது. வியாழக்கிழமை ஆள் வருகிறது என்றால் எங்கள் சனம் புதன்கிழமையே வீட்டைக் கழுவித் துடைத்துவிடும். மூலை வீட்டு அன்ரிக்கு முழங்கால் மடங்காது. ஆனால் அதிகாரி வந்த அன்று பட்டுச்சேலை உடுத்து, வடை சுட்டு, “படி ஏறுவீர்களா?” என்று கேட்டதும் இரண்டு தரம் ஏறி இறங்கிக் காட்டினார். உதவி கிடைக்கவில்லை. மூன்று நாள் கட்டிலில் கிடந்ததுதான் கிடைத்தது.

அடுத்த முறைக்காகச் சட்டத்தார் அன்ரிக்கு வகுப்பு எடுத்தார். நான்தான் அதிகாரி வேஷம்.

“சட்டை போட ஏலுமோ எண்டு கேட்டா என்ன சொல்லுவியள்?” என்றார் சட்டத்தார்.

“ஓம், ஏலும்.”

“ஏலாது எண்டு சொல்லுங்கோ, அன்ரி!”

“ஐயோ, வாற மனிசி என்னைப் பற்றி என்ன நினைப்பா?”

“பாவம் எண்டு நினைப்பா. அதுக்குத்தானே அவ வாறா!”

பத்தாவது தடவை அன்ரி ‘ஏலாது’ என்றார். அடுத்த முறை அதிகாரி வந்தபோது உதவியும் கிடைத்தது.

பிறகு ஒரு நாள் சட்டத்தாரே குளியலறையில் விழுந்தார். இடுப்பில் அடி. மனைவி காலமாகிவிட்டார், மகள் கனடாவில். “வீட்டுக்கு உதவி தராட்டி நீங்கள் ஹோமுக்குத்தான் போகவேணும், அப்பா” என்று மகள் போனில் அழுதாள். கவுன்சில் சொன்ன முதியோர் இல்லம் எங்கேயோ தொலைவில் இருந்தது. அங்கே தமிழில் பேச ஒருவரும் இல்லை.

அதிகாரி வரும் நாளில் துணைக்குப் போனேன். கதவைத் திறந்தவரைப் பார்த்துத் திகைத்துப்போனேன். கோட், டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. பிடித்து நடக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த நடைவண்டியைக் காணவில்லை. மேசையில் பலகாரத் தட்டு.

கவுன்சிலில் இருந்து வந்த பெண் ஆங்கிலத்தில் கேட்டார். “தனியே குளிப்பீர்களா?”

“தினமும்.”

“சமையல்?”

“மூன்று கறி, ஒரு சொதி.”

மூன்று கிழமையாக எங்கள் வீட்டுச் சாப்பாடுதான் போய்க்கொண்டிருந்தது. நான் குனிந்து தமிழில் முணுமுணுத்தேன்.

“அண்ணை, ஏலாது எண்டு சொல்லுங்கோ.”

“சும்மா இரும் காணும்! வீட்டுக்கு வந்த ஆளுக்கு முன்னாலை!”

“நீங்கள்தானே அன்ரிக்குப் படிப்பிச்சனீங்கள்?”

“அது ஏலாத ஆக்களுக்கு!”

சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பினார். இரண்டு அடி வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, அதில் தொங்கிய படத்தில் தூசி பார்ப்பவர் மாதிரி நின்றார். முகம் வேர்த்திருந்தது.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். “நீங்கள் அடுத்த வீடா? இவர் சொல்வதெல்லாம் சரியா?”

சட்டத்தாரும் என்னைப் பார்த்தார். ‘காட்டிக்கொடுத்து விடாதே’ என்று அந்தக் கண் கெஞ்சியது. பிள்ளைகளே, பொய் சொல்லக்கூடாது என்று உங்களுக்குச் சொல்வது சுலபம். அன்றைக்கு உண்மை சொல்லத்தான் எனக்கு இலேசில் வாய் வரவில்லை.

“காலுறை நான்தான் போட்டுவிடுகிறேன்” என்றேன். “அவர் குளித்து முடிக்கும் வரைக்கும் கதவுக்கு வெளியே நிற்பதும் நான்தான். நடைவண்டி அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால் இருக்கும், சில்லு தெரிகிறது.”

அந்தப் பெண் திரையை விலக்கினார். நடைவண்டி நின்றது. அதன் மேல் அவர் வீட்டில் உடுக்கும் சாரம் காய்ந்துகொண்டிருந்தது.

காலையும் மாலையும் உதவிக்கு ஆள் வரும் என்று கடிதம் வந்தது. சட்டத்தார் வீட்டிலேயே இருக்கலாம். ஆனால் ஒரு கிழமை அவர் என்னோடு பேசவில்லை. குப்பைத் தொட்டியை வெளியே வைக்கப் போனால், ஜன்னலில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எட்டாம் நாள் எங்கள் வீட்டுக் கதவிடுக்கால் ஒரு தாள் விழுந்தது. எம்.பி.க்கு அனுப்பிய புதுத் திருத்தத்தின் பிரதி. சிவப்புப் பேனா எழுத்து.

‘ஒவ்வொரு வயோதிபருக்கும் பக்கத்து வீட்டில் சொல்வழி கேளாத ஒருவன் இருக்கவேண்டும். அரசாங்கம் இதற்கு ஏற்பாடு செய்யவேண்டும்.’

அந்தத் திருத்தம் இன்னும் சட்டத்தில் ஏறவில்லை. இங்கிருந்து ஹரோவுக்குப் போய்ப் பெரிய வீடு எடுப்போம் என்று என் சொந்தப் பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம், சட்டம் வரட்டும், பிறகு பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.