தேநீர்க் குடுவை முதல் காலி நாற்காலி வரை

"மறுபடியும் கப்பு கழுவுனியா?"

"கழுவலக்கா. துடைச்சு அடுக்கி மட்டும் வச்சேன்."

"அடேய், நாலு பேரோட பழகணும்னுதானடா அங்க போற? இல்ல பாத்திரம் தேய்க்கவா? அடுத்த மாசம் எனக்கு மலைக்காட்டுக்கு மாற்றல், அங்க சிக்னலே கிடையாதாம். அப்புறம் யாருகிட்டடா மனசு விட்டுப் பேசுவ? உன் ரத்தக் குப்பிங்ககிட்டயா?"

இவ்வாறு தொலைபேசியில் முழங்கிய வீரமாது நம் நாயகனின் தமக்கை. அவன் ஆண்களை விரும்பும் ஆண் என்பதை இவ்வுலகில் அறிந்த ஒரே உயிர். அவ்வுயிரும் வேற்றூர் புறப்படுகிறது. இதைவிட அற்பமான காரணங்களுக்காகப் பேரரசுகள் படை திரட்டியிருக்கின்றன.

வாழ்க, குருதிக்குப்பி வேந்தன்! மருத்துவமனையின் அடித்தளத்துப் பரிசோதனைக்கூடத்தில், குளிர்பெட்டியின் ரீங்காரமே பறையாக, வெள்ளங்கியே கவசமாக, பிறர் உடம்பின் சர்க்கரையையும் கொழுப்பையும் சலனமின்றிப் பிரித்துரைக்கும் பெருந்தகை வாழ்க! ஊரார் குருதியெல்லாம் கண்டவன், அவருள் ஒருவர் முகத்தையும் நிமிர்ந்து காணாதவன். பக்கத்து வீட்டுக்காரர் படியிறங்கும் ஓசை ஓயும்வரை தன் கதவுக்குப் பின்னே மூச்சடக்கித் தவமிருப்பவன். கைபேசி அலறினால் அது தானே களைத்து அடங்கும்வரை காத்திருந்து, பிறகு 'கூப்பிட்டிருந்தீங்களா?' என்று எழுத்தில் வினவும் தந்திரசாலி.

கூச்சமென்னும் பெருந்தெய்வமே! நாவில் பசையும் முழங்காலில் தண்ணீரும் வார்ப்பவளே! உன் பக்தர்களுள் இவனுக்கு இணை எவனுமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். இக்கதை சொல்லி முடியும்வரையிலாவது அவன் சட்டைக் காலரை விடு.

போர்க்களமாவது, இவனைப் போன்றோரும் திருநங்கையரும் கூடும் நூலகத்து மாடி அறை. ஞாயிறு மாலைகளில் அதன் கதவில் 'பால்புதுமையினர் நட்பு வட்டம், எல்லோரும் வரலாம்' என்றொரு தாள் ஒட்டப்படும். எல்லோரும் என்பதில் தானும் அடக்கமா என்று நம் வேந்தன் பல ஞாயிறுகள் படிக்கட்டில் நின்று ஆய்ந்தான். ஒருநாள் துணிந்து கதவைத் திறந்தான். உள்ளே வட்டமாக அமர்ந்திருந்தோர் ஒவ்வொருவராகத் தம்மை அறிமுகம் செய்துகொண்டிருக்க, கதவின் கிறீச்சொலி கேட்டு அத்தனை தலைகளும், கதிரவனைக் கண்ட சூரியகாந்திக் காடென, அவன்பால் ஒருசேரத் திரும்பின. வேழம் எதிர்த்தாலும் அஞ்சானோ என்னவோ, அதை எவரும் சோதித்ததில்லை. ஆனால் அன்போடு புன்னகைக்கும் அந்நியர் கூட்டத்தை எதிர்கொள்ளும் பயிற்சி அவனுக்கு எந்தக் குருகுலத்திலும் தரப்படவில்லை. அந்தோ! அவன் கரம் அருகிலிருந்த மேசையைத் துழாவிற்று. தேநீர்க் குடுவை அகப்பட்டது. பிடித்தான். ஊற்றினான். ஊற்றிக்கொண்டேயிருந்தான்.

அன்று தொட்டு அவன் 'டீ அண்ணன்' ஆனான்.

அவ்வட்டத்தின் தலைவன் ஒரு வங்கிக் காசாளன். நெடியவன், காதில் வெள்ளி வளையமணிந்தவன், கருணையில் கடல் போன்றவன். ஒருநாள் கூட்டம் கலைந்தபின், நூலகத்தின் எளிய ஊழியன் என்று தான் முடிவுகட்டிய நம் வேந்தனைத் தனியே அழைத்தான்.

"அண்ணே, நாங்கல்லாம் யாருன்னு உங்களுக்கு யாராச்சும் சொன்னாங்களா? சங்கடமா ஒண்ணும் இல்லையே?"

"அய்யோ, இல்லீங்க."

"ஆம்பளைய விரும்புற ஆம்பளைங்க இருக்காங்கண்ணே. அது நோயில்ல. பொறப்புலயே அப்படித்தான். மெதுவா யோசிச்சுப் பாருங்க, புரியும்."

சிறுவயது முதல் அதையன்றி வேறெதையும் யோசித்தறியாத வேந்தன், மெதுவாக யோசிப்பவன்போல் தலையசைத்தான். 'நானும்தான்' என்னும் ஒற்றைச் சொல் தொண்டைவரை படையெடுத்து வந்து, அங்கேயே கூடாரம் அடித்துத் தூங்கிவிட்டது. மரியாதை குறையக்கூடாதே என்று ஒரு சந்தேகம் வேறு கேட்டுவைத்தான். நூலக ஊழியனுக்கு இத்தனை அக்கறையா என்று காசாளன் கண் கலங்கினான். அடுத்த வாரம் வட்டமே எழுந்து கைதட்ட, அவன் மார்பில் வானவில் வண்ண வில்லையொன்று குத்தப்பட்டது. அதில் பொறித்திருந்த சொல், 'ஆதரவாளர்'. புகுந்த வீரன் சொந்தக் கோட்டைக்குள்ளேயே நேசநாட்டுத் தூதனாகக் கௌரவிக்கப்பட்ட விந்தையை எந்த வரலாறு கண்டது!

இதைக் கேட்டுத்தான் தமக்கை முழங்கினாள். முழங்கியவள் ஆணையும் இட்டாள்: "இந்த வாட்டி உக்காரு. ஒண்ணும் பேசவேணாம். போய் உக்காருடா, போதும்."

ஆகவே இந்த ஞாயிறு.

குடுவைக்கு அப்பால் வட்டம் கூடியிருந்தது. ஒரேயொரு இருக்கை ஆளின்றி இருந்தது. அதன் வலப்புறம் தையற்கடை நடத்தும் திருநங்கை, சொற்களை ஊசிமுனையில் நிறுத்துபவள். இடப்புறம் கால்நடை மருத்துவன், சுருட்டை முடிக்காரன், சட்டையெங்கும் பூனை மயிர் படிந்தவன், சிரிக்கும்போது கண்கள் காணாமற்போகிறவன். நாற்காலியின்மேலோ, கரிய மலைப்பாம்பு மடிந்து கிடப்பதுபோல், மருத்துவனின் தோள்பை காவலிருந்தது.

வேந்தன் தட்டேந்திப் புறப்பட்டான். காதம் காதமாய் விரிந்தது அப்பாலைவனம். வழிநெடுகக் கரங்கள் நீண்டு கோப்பைகளைக் கவர்ந்தன. ஃபேனைக் கூட்டச் சொன்னார் ஒருவர். கூட்டினான். குறைக்கச் சொன்னார் இன்னொருவர். குறைத்தான். சன்னலைச் சாத்தச் சொன்ன குரலுக்கும் பணிந்தான். இவ்வாறு திசைதோறும் சிதறடிக்கப்பட்டும் சிறுகச் சிறுக முன்னேறி, வட்டத்தின் விளிம்பை எட்டிய வேளையில் தையற்காரி கோப்பையை நீட்டினாள்.

"டீ அண்ணே, இன்னொண்ணு ஊத்துங்களேன். உங்க கைக்குன்னே ஒரு ருசிண்ணே."

ஆ, புகழ்ச்சி! வாளினும் கூரிய படைக்கலம்! கால்கள் குடுவையை நோக்கித் தாமே திரும்பின. அங்கே பாதுகாப்பு உண்டு, நன்றி உண்டு, கழுவக் கோப்பைகள் உண்டு, சாகும்வரை அங்கேயே இருந்துவிடலாம். தமக்கை போனபின் காலியாகப்போகும் தொலைபேசியை நினைத்தான். நின்றான்.

"குடுவை அங்கதாங்க இருக்கு. எடுத்துக்கோங்க."

தையற்காரியின் புருவம் உயர்ந்தது. காசாளன், அறிமுகம் தொடங்குக என்று அறிவிக்கத் திறந்த வாயை மூட மறந்தான். வேந்தன் தட்டைத் தரையில் வைத்தான். கேடயம் போயிற்று. மார்பின் வில்லையைக் கழற்றிச் சட்டைப்பையில் இட்டான். பட்டமும் போயிற்று. பிறந்த நாள் தொட்டுக் கட்டிக்காத்த மௌனத்தின் மதிலில் ஒரு கல் பெயர்ந்து விழ, குருதிக்குப்பிகளின் கோமான், குடுவை துறந்த கொற்றவன், சுருட்டை முடிக்காரனின் முகத்தை வாழ்நாளில் முதன்முறையாக நிமிர்ந்து நோக்கி, எண்டிசையும் செவிசாய்த்து நிற்க, தன் பிரகடனத்தை வெளியிட்டான்:

"இந்தப் பையைக் கொஞ்சம் எடுக்கிறீங்களா, நான் உக்காரணும்."