அட்டைக் கோழிக்கு நான்கு நட்சத்திரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் திரை விமர்சகர் தன் வாழ்நாளில் ஒரு கோழியைக்கூட நேருக்கு நேர் பார்த்ததில்லை. பிரியாணியில் பார்த்திருக்கலாம்.

வணக்கம். நானும் அம்மாவும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப்போவதில்லை. நான்கு நட்சத்திரத்தை இப்படி அள்ளிக் கொடுக்கிறவர்களுக்கு என்ன குறை இருக்கப்போகிறது? எனக்கு பரமத்தி வேலூர்ப் பக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறேன். அம்மா சௌந்திரம் பதினொரு வருடமாக முட்டைக்கோழிப் பண்ணையில் வேலை செய்கிறாள். மாதத்தில் ஒரு நாள்தான் லீவு, ஏனென்றால் கோழிக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாதாம். இது பண்ணை முதலாளி தனசேகர் அண்ணன் சொன்ன காரணம்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது டிவியில் முத்துக்கொண்டை என்ற கோழியின் பொம்மைப் படம் போடுவார்கள். கூண்டில் பிறந்த கோழி, அலகாலேயே கொக்கியைத் தட்டித் தட்டிக் கழற்றி, ஆயிரம் கோழிகளையும் வெளியே கூட்டிப் போகும் கதை. அந்தக் கோழிக்குப் புருவம் இருந்தது. கோபம் வந்தால் ஏறும், துக்கம் வந்தால் இறங்கும். பகலெல்லாம் கோழிகளோடு கிடந்துவிட்டு வந்த அம்மா, ராத்திரி அந்தக் கோழிக்காக மூக்கைச் சிந்துவாள். அதே கதையை இப்போது நிஜமாகவே எடுத்திருக்கிறார்கள், ‘திரையில் இருப்பவை அசல் கோழிகளே’ என்று உங்கள் ஆள் புல்லரித்து எழுதியதை நம்பி, அம்மாவின் அந்த ஒரு நாள் லீவில் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். லீவு நாளிலும் அவளைக் கோழி பார்க்க வைத்த மகள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இந்தப் புதுப் படத்துக் கோழிக்குப் புருவம் இல்லை. குஞ்சு செத்தாலும் முறைக்கிறது, தீவனம் போட்டாலும் முறைக்கிறது. நாற்பது கோழிக்கு மூன்று வேலையாட்கள் வந்ததும் அம்மா தியேட்டர் என்பதையே மறந்து, “நாப்பதுக்கு மூணு பேரா! இங்க ஒருத்தி அஞ்சாயிரத்தைப் பாக்கறேன், எந்த ஊர்ப் பண்ணை சாமி இது?” என்று சத்தமாகக் கேட்டுவிட்டாள். கடைசியில் கொக்கியைக் கழற்றியது கோழி இல்லை. மனம் திருந்திய முதலாளி கண்ணீரோடு வந்து கதவைத் திறந்துவிடுகிறார். இதைத்தான் உங்கள் ஆள் யதார்த்தம் என்கிறார். பொம்மைக் கோழிக்கு இருந்த ரோஷம் அசல் கோழிக்கு எங்கே போனது?

வெளியே வரும்போது வாசலில் முத்துக்கொண்டையின் கட்-அவுட் நின்றது, ஆள் உயரத்துக்கெல்லாம் இல்லை, கோழி உயரத்துக்கே. “நில்லும்மா, ஒரு போட்டோ” என்றேன். அங்கேதான் வம்பு பிடித்தது. தடுப்பூசி போடும்போது இறக்கை இரண்டையும் சேர்த்துப் பிடிப்பார்களே, பழக்கத்தில் அம்மாவின் கை அப்படியே அந்த அட்டையைப் பிடித்துவிட்டது. நானும் அழகாக இருக்கிறதே என்று அவள் போனிலேயே ஸ்டேட்டஸ் வைத்தேன். பண்ணையில் ஒரு சட்டம் உண்டு: வேலையாட்கள் வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது, வெளிக் கோழியைத் தொட்டால் ஏழு நாள் கோழிக் கொட்டகைக்குள் வரக் கூடாது, நோய் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மறுநாள் காலையில் மருந்துத் தண்ணீரில் கால் நனைக்கும் இடத்திலேயே தனசேகர் அண்ணன் போனோடு நின்றார்.

“ஏனுங் சௌந்திரம், வெளிக் கோழியைப் புடிச்சுப்போட்டு நேரா உள்ள வாரீங்களே, அம்பதாயிரம் கோழிக்குச் சீக்கு வந்தா யாரு பதில் சொல்றது?”

“அது அட்டைங்க.”

“அட்டையை எவளாச்சும் றெக்கையைச் சேத்துப் புடிப்பாளா? இது ஊசி போடற புடி. எனக்குத் தெரியாதா?”

நான் போய்ச் சத்தியம் செய்தேன். அவர் உங்கள் பத்திரிகையை எடுத்து நீட்டினார். “அசல் கோழின்னு அச்சடிச்சே போட்டிருக்கான் பாரு. அதைத்தான் தியேட்டருக்கும் கொண்டாந்து நிறுத்திருக்கறாங்க. நீ சொல்றது நெசமா, பத்திரிகைல வாரது நெசமா?” அம்மாவை ஏழு நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கூலி கிடையாது. வேலை எட்டாம் நாள் இருக்குமா என்பதும் அப்புறம்தான் தெரியுமாம்.

ஆகவே வரும் இதழிலேயே மறுப்பு போட வேண்டும். படத்தில் வந்தது கம்ப்யூட்டரில் செய்த கோழி, தியேட்டரில் நின்றது அட்டை, எழுதியவர் கோழி பார்க்காதவர். மூன்றையும் போட வேண்டும், தனசேகர் அண்ணன் கண்ணாடி போடாமல் படிக்கிற அளவு எழுத்தில்.

உங்கள் அச்சு இயந்திரமும் அதில் வேலை செய்கிறவர்களும் நீடூழி வாழ்க. விமர்சகருக்கு நல்ல புத்தி கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
சௌ. இலக்கியா

பி.கு.: கவரை ஒட்டும்போது பண்ணையிலிருந்து ஆள் வந்தது. அம்மா வேறு பண்ணைக்கு வேலைக்குப் போய் அங்கிருந்தும் சீக்கைச் சுமந்து வந்துவிடுவாளோ என்று அண்ணனுக்கு பயம். ஏழு நாளும் கூலி உண்டு, வீட்டை விட்டு நகரக் கூடாது, எட்டாம் நாள் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டுப் படுத்த அம்மா மூன்று மணி நேரம் தூங்கினாள். அவள் மத்தியானத்தில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. எழுந்து பார்த்தால் வாசலில் குஞ்சம்மாளக்கா, அத்தாயியக்கா, இன்னும் மூன்று பேர், எல்லாரும் அதே பண்ணை. “ஏஞ்சாமி இலக்கியா, அந்த அட்டைக் கோழி எந்தத் தியேட்டர்ல நிக்குது?” ஆகவே மறுப்பு எதுவும் போட வேண்டாம். அசல் கோழியே என்று இன்னொரு முறைகூட எழுதலாம், ஐந்து நட்சத்திரம் போட்டாலும் சரி. ஆனால் தியேட்டருக்குப் போன் செய்தால் கட்-அவுட்டை நேற்றே வண்டியில் ஏற்றிவிட்டோம் என்கிறார்கள். அது இப்போது எந்த ஊரில் நிற்கிறது? விசாரித்து உடனே எழுதுங்கள். ஐந்து பேர் சேலை மாற்றிக்கொண்டு நிற்கிறார்கள்.