ஐந்தாம் தேதி வரவு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு உருப்படியாகச் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான்: என் மகனைப் பொறியாளன் ஆக்கியது.

பெற்ற பாசத்தில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். முப்பத்திரண்டு வருடம் தணிக்கைப் பிரிவில் குப்பை கொட்டியவள் நான். சான்று இல்லாத வரவை என்னைப் பெற்றவளே காட்டியிருந்தாலும் சிவப்பு மையால் அடித்திருப்பேன். அதனால்தான் எங்கள் குடியிருப்பில் யார் வீட்டுப் பிள்ளை பள்ளியை முடித்தாலும் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ‘பொறியியல் பட்டம்: செலவும் வரவும்’ என்று தலைப்பிட்டு, பக்கத்துக்குப் பக்கம் அடியில் நானே கையெழுத்துப் போட்ட என் நீல நோட்டு, இதுவரை பதினொரு பிள்ளைகளைக் கல்லூரிக்கு ‘வழிகாட்டி’ அனுப்பியிருக்கிறது.

பன்னிரண்டாவதாக வந்தவள் கீழ்த்தளத்துத் தையற்காரி. மகளையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

“அக்கா, நாலு மணிக்கு ஆள் வர்றான். மூணு மெஷின்ல ரெண்டை வித்துட்டா முதல் வருஷ ஃபீஸ் கட்டிடலாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், கண்ணை மூடிட்டுக் கொடுத்துடுவேன்.”

“கண்ணை மூடாதேம்மா. நோட்டைப் பாரு.”

“அந்த ரெண்டு மெஷின் இருந்தாத்தாம்மா ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டர் எடுக்க முடியும்” என்றாள் மகள். கடைக் கணக்கு எழுதுவது அவள்தான்.

“நீ வாயை மூடு. படிச்சவங்க பேசிட்டிருக்காங்க.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு செலவுப் பக்கத்தை வாசித்தேன். கல்லூரிக் கட்டணம், விடுதி, வரைபலகை, அது தொலைந்ததால் இன்னொரு வரைபலகை, மடிக்கணினி, மறுதேர்வுக் கட்டணம்...

“மறுதேர்வா? தம்பி ஃபெயிலாச்சா அக்கா?”

“சேச்சே. பாடத்தை ஆழமாப் படிச்சான். சிலதை மூணு தடவை.”

“இப்ப எங்க வேலை?”

“பெரிய கட்டுமான நிறுவனம். பயிற்சியில இருக்கான்.”

“எத்தனை மாசமா?”

“நாலு வருஷமா. நல்ல நிறுவனம் எதுலயும் அவசரப்படாது.”

“சம்பளம் எவ்வளவுக்கா?”

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். வாய்ச்சொல்லை நம்புகிறவளா நான்? கைப்பேசியைத் திறந்து வங்கிச் செய்தியைக் காட்டினேன்.

“பாரு. மாசம் தவறாம அஞ்சாம் தேதி பதினேழாயிரத்து ஐந்நூறு. நானா கேக்கறதில்லை. அவனா அனுப்பறான்.”

தையற்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. “இது போதும்க்கா. பிள்ளைன்னா இது பிள்ளை. நான் போய் மெஷினைத் துடைச்சு வைக்கிறேன்.”

அவள் எழுந்து வாசல்வரை போய்விட்டாள். கைப்பேசியை வாங்கிப் பார்த்த மகள் மட்டும் எழவில்லை. திரையை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

“பெரியம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? ஒண்ணாம் தேதி உங்க பென்ஷன் பதினெட்டாயிரம் வருது.”

“ஆமா.”

“ரெண்டாம் தேதி அதே பதினெட்டாயிரம் போகுது. அஞ்சாம் தேதி பதினேழாயிரத்து ஐந்நூறு வருது. போற அக்கவுண்ட் நம்பரும் வர்ற அக்கவுண்ட் நம்பரும் ஒண்ணா இருக்கே?”

முப்பத்திரண்டு வருடத்தில் என்னை யாரும் தணிக்கை செய்ததில்லை. என் மேசைக்கு முன்னால் நின்ற எத்தனையோ குமாஸ்தாக்களின் குரல் அன்று என் தொண்டையிலிருந்து வந்தது.

“சாப்பாடும் தங்க இடமும் கொடுக்கறாங்கம்மா. பயிற்சி முடியற வரைக்கும் சம்பளம் கிடையாதாம். வரவுப் பக்கம் வெறுமையா இருந்தா நல்லாவா இருக்கும்? ஒரு சான்று வேணுமில்ல?”

“சரி பெரியம்மா. நடுவுல ஐந்நூறு குறையுதே, அது எங்க போகுது?”

நோட்டை மூடினேன்.

“அது... அதுதான் அவன் சம்பாத்தியம்.”

தையற்காரி திரும்பி வந்து உட்கார்ந்தாள். “தையல் மெஷினைத் தூக்கிக் கொடுக்க இருந்தேனேக்கா” என்றாள். போகும்போது வாசலில் நின்றே, மெஷின் வாங்க வருகிறவனைப் போனில் கூப்பிட்டு, வர வேண்டாம் என்றாள். மகள் என் கைப்பேசியை மேசைமேல் பத்திரமாக வைத்துவிட்டுப் போனாள். மரியாதை தெரிந்த பெண்.

மனசு கேட்கவில்லை. மற்ற பதினொரு வீட்டுக்கும் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். முதலில் எதிர்வீடு. என் நோட்டைப் பார்த்து மகனைச் சேர்த்தவள் கதவைத் திறந்தாள்.

“உன் பையன் எப்படிம்மா இருக்கான்?”

“உங்க புண்ணியம்க்கா, பயிற்சியில இருக்கான். உங்க பிள்ளை மாதிரியேதான், அஞ்சாம் தேதி தவறமாட்டான். இதோ பாருங்க.”

கைப்பேசியை நீட்டினாள். பழக்க தோஷம், முந்தைய செய்திகளைப் பார்க்க என் விரல் தானாகவே திரையைத் தள்ளப் போனது. வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

“அதுக்கு முன்னாடி வந்த மெசேஜெல்லாம் பாக்காதீங்கக்கா.”

அடுத்த கதவை நான் தட்டவில்லை. எல்லா வீட்டிலும் சான்று கனகச்சிதமாக இருக்கும். வீட்டுக்கு வந்து சிவப்பு மைப் பேனாவைத் தேடி எடுத்தேன். அடிக்க வேண்டியது வரவை அல்ல, அடியில் கையெழுத்துப் போட்டவளை.