சொனாட்டாவுக்கு நடுவே ஒரு பல்

ஹார்ன்காரருக்கு முன்பல் ஆடியது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சுருண்டு கிடக்கும் அந்தப் பித்தளைக் குழலை உதட்டில் அழுத்தி ஊதிப் பிழைப்பவருக்கு எல்லாமே போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை கச்சேரி. ஹார்னும் பியானோவும் மட்டும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும் சொனாட்டா. பியானோவில் அவர் மனைவி. கல்யாணமானதிலிருந்து இருபத்தாறு வருடமாக இருவரும் சேர்ந்து வாசிப்பது. பல் விஷயம் தெரிந்தால், முப்பத்திரண்டும் முழுசாக இருக்கிற, ஊருக்குப் புதிதாக வந்த இளம் ஹார்ன்காரனைக் கூப்பிட்டுவிடுவாளோ என்று அவருக்குப் பயம். அவர் மூச்சு விடவில்லை.

"முதல் பகுதியைக் கொஞ்சம் நிதானமா எடுப்போமா?" என்று ஆழம் பார்த்தார்.

"எடுப்போமே" என்றாள்.

அவருக்குப் பகீரென்றது. ஒரே ஒரு சுரம் பிசகியதற்கே ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாதவள் இவள்.

நிதானமாக எடுத்ததில் ஒவ்வொரு சுரத்தையும் இரண்டு மடங்கு நேரம் இழுக்க வேண்டியதாயிற்று. பல் இன்னும் ஆடியது.

"கடைசிப் பகுதி வேணாம். கேக்கிறவங்களுக்குப் பொறுமை இல்ல."

"விட்டுடலாங்க."

"நடுவுல அந்த வேகமான இடம்?"

"அதையும் தாண்டிடலாம்."

இருபது நிமிட சொனாட்டா, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, ஒன்பது நிமிடத்தில் வந்து நின்றது. மிஞ்சியதெல்லாம் நீண்ட சுரங்கள், பல்லுக்கு எமன். பல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத் தவிர வேறெதிலும் அவர் புத்தி போகவில்லை. பியானோ வேறு மெலிந்துகொண்டே வந்தது. தன் பிசிறு எல்லார் காதிலும் விழட்டும் என்றே அடக்கி வாசிக்கிறாள் என்று நினைத்தார்.

"கொஞ்சம் சத்தமா வாசியேன்."

"பாக்கிறேன்" என்று மடியைப் பார்த்தபடி சொன்னாள்.

முன்பெல்லாம் இரண்டு டீக் கோப்பையையும் சேர்த்து எடுத்துவந்து பக்கத்தில் உட்காருவாள். இப்போது அவருடையதை மட்டும் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். சரிதான், நம்மைக் கைகழுவிவிட்டாள் என்று அவர் முடிவு கட்டினார். டீயை ஒரு பக்கமாகவே உறிஞ்சினார்.

சனிக்கிழமை, பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர் வந்தார். வழக்கமாக இரண்டு மணி நேரம் பிடிக்கும் வேலை. மனைவி குளித்துவிட்டு வருவதற்குள் மனிதர் பையை மூடிவிட்டார்.

"என்னங்க, அதுக்குள்ள கிளம்பிட்டீங்க?" என்று அவர் கேட்டார்.

"அம்மா வாசிக்கிறது வலது பக்கம் மட்டுந்தானே சார். தனக்கு இடது கை எழும்பலைன்னு ரெண்டு மாசம் முந்தி வந்தப்பவே சொல்லிட்டாங்க. தினம் பக்கத்துல உக்காந்து ஊதுறீங்க, உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"