விளிம்புவரை தண்ணீர்

ஒரு சாண். அந்த அளவு காலி இடத்தைக் கண்டால் விளிம்பருக்கு மூச்சு முட்டும். இந்த இனத்தை நீங்கள் அறிவீர்கள். இவர் நீட்டும் தேநீர்க் கோப்பையை வாங்கினால் விரல் சுடும்; இவர் அடைத்த பெட்டியைப் பூட்ட வேண்டுமானால் குடும்பமே அதன்மேல் ஏறி உட்கார வேண்டும்; பேருந்தில் பக்கத்து இருக்கை காலியென்றால் பையை வைத்தாவது நிரப்புவார். காலி இடம் இவருக்கு இடமல்ல. நஷ்டம்.

அப்படிப்பட்டவர் மீன் வளர்த்தால் என்ன ஆகும்?

மூன்றாம் மாடி, வாடகை வீடு. மேலே மீன்தொட்டி, கீழே அலமாரிக்குள் வடிகட்டும் தொட்டி. மேலே வழிகிற தண்ணீர் குழாயில் கீழே இறங்கும். மோட்டார் அதைத் திரும்ப ஏற்றும். பொருத்தித் தந்த கடைக்காரர் கீழ்த்தொட்டியில் ஒரு கோடு போட்டார்.

"இதுக்கு மேல ஊத்தாதீங்க சார். மோட்டார் நின்னா மேல இருக்கற தண்ணி கொஞ்சம் கீழ வரும். அதுக்கு இடம் வேணும்."

"புரியுது, புரியுது."

கடைக்காரரின் செருப்புச் சத்தம் படியில் அடங்கியது. விளிம்பர் வாளியை எடுத்தார்.

மறுநாளே கரண்ட் போனது. தண்ணீர் இறங்கியது, அலமாரியைத் தாண்டி, தரையைத் தாண்டி, கீழ்வீட்டுக் கூரை வழியே வீட்டுக்காரரின் கட்டிலுக்கே போய்ச் சேர்ந்தது. அவர் தலையைத் துவட்டியபடி ஏறி வந்தார்.

"இன்னொரு தடவை சொட்டிச்சுன்னா தொட்டி இங்க இருக்காது சார்."

விளிம்பர் ஓடிப்போய்த் தொட்டியை மறைத்து நின்றார். அலுவலகம் விட்டு வந்தால் இந்த வீட்டில் அவரை எதிர்கொண்டு வருபவை அந்த மீன்கள் மட்டும்தான்.

வெள்ளத்தால் ஒரு நன்மை. மிகுதியெல்லாம் வெளியேறிவிட்டது. மோட்டார் மறுபடி ஓடியதும் தண்ணீர் கடைக்காரரின் கோட்டில் கச்சிதமாக நின்றது. கோட்டுக்கு மேலே ஒரு சாண் காலி.

விளிம்பர் அதைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எதுக்கு மறுபடி வாளி?" என்றாள் மனைவி.

"கொறஞ்சிருக்கே."

"கொறஞ்சதெல்லாம் வீட்டுக்காரர் மெத்தையில இருக்கு. வேணும்னா போய்ப் பிழிஞ்சு எடுத்துட்டு வாங்க."

அவர் அவள் குளிக்கப் போகும்வரை பொறுத்திருந்தார். பொறுமையில் அவரைக் குறை சொல்ல முடியாது.

அடுத்த முறை கரண்ட் போனபோது வீட்டுக்காரர் மறுபடி நனைந்து ஏறி வந்தார். வாசலில் நின்று தொட்டியைக் காட்டினார், பிறகு படியைக் காட்டினார்.

இதைப் படிக்கும் உங்களுக்கு, இந்தப் பக்கத்தின் ஓரத்தில் விட்டிருக்கும் வெள்ளை இடம் வீணாகிறதே என்று தோன்றியதா? தோன்றியிருந்தால், கீழ்வீட்டில் இருப்பவர் எப்படிப்பட்டவர் என்று விசாரித்து வையுங்கள்.

தொட்டியை மனைவியின் தம்பி எடுத்துக்கொள்கிறார். மீன்களைப் பார்க்க விளிம்பர் தினமும் அங்கே போகலாம் என்று ஏற்பாடு. ஞாயிறு காலை வண்டி வருகிறது. மச்சினன் வீடு நான்காம் மாடி.