டிகிரி அண்ணாச்சி வீட்டு மழை

சங்கரன்கோவிலில் வெயிலை எல்லோரும் அனுபவிக்கிறார்கள். தசமப் புள்ளியோடு அனுபவித்தவர் டிகிரி அண்ணாச்சி ஒருவர்தான். நாமெல்லாம் “என்னா வெயிலு!” என்று துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டுப் போய்விடுவோம். அவர் நம்மை வழிமறித்து, “முப்பத்தெட்டு புள்ளி ஆறு” என்று சொல்லிவிட்டுத்தான் போக விடுவார்.

பட்டப்பெயரைக் கேட்டு, அவரைப் பெரிய படிப்பாளி என்று நம்பி, பையனை எந்தக் காலேஜில் சேர்க்கலாம் என்று யோசனை கேட்க வந்தவர்கள் உண்டு. அண்ணாச்சி படித்தது பத்தாம் வகுப்பு. பார்த்த தொழில், சொந்தக் கடையில் கருகிப்போன தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது. ஆனாலும் வந்தவர்களை வெறுமனே அனுப்ப மாட்டார். “கோயம்புத்தூர்ல சேருங்க. இங்கனக்கு அங்கன அஞ்சு டிகிரி கம்மி” என்பார்.

வேலை மாற்றலாகி அந்த ஊருக்குப் போன நான், அவர் வீட்டு மாடியறைக்குக் குடிவந்தேன். வீடு பார்க்கப் போன அன்று என்ன வேலை, எந்த ஊர், யார் மகன் என்று எதையும் அவர் கேட்கவில்லை.

“தம்பி, தொவைச்ச துணிய எங்கன காயப்போடுவீய?”

“மொட்டைமாடியிலதான் அண்ணாச்சி.”

“தெக்குப் பக்கம் மட்டும் போடணும். வடக்க வந்துரப்பிடாது.”

வடக்கே ஓர் இரும்புக் குழாயின் உச்சியில் அவருடைய வானிலைக் கருவி நின்றது. காற்றை அளக்க மூன்று கிண்ணங்கள், வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் ஒரு வெள்ளைக் கூடு, மழைக்கு ஒரு புனல். எல்லாம் ஆன்லைனில் வரவழைத்தது. அதன் திரை கீழே ஹாலில், டி.வி. இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. டி.வி. அடுக்களைக்குப் போய்விட்டது. அவர் மனைவி கோமதி அக்கா சீரியல் பார்த்தபடி தாளிப்பார். அண்ணாச்சி காற்றின் வேகத்தைப் பார்த்தபடி சாப்பிடுவார்.

குடிவந்த முதல் வாரமே ஒருநாள் மூச்சிரைக்க மாடியேறி வந்து கதவைத் தட்டினார். “ஈரப்பதம் திடீர்னு நாலு புள்ளி ஏறிட்டு தம்பி. கடல்ல என்னமும் கெளம்பிட்டோன்னு பதறி வந்தேன். பாத்தா ஒங்க லுங்கி வடக்க கெடக்கு!”

வங்கக் கடலில் உருவாக வேண்டிய தாழ்வு மண்டலம் என் லுங்கியில் உருவாகியிருந்தது. அதை நானே தெற்கு நோக்கி நகர்த்தினேன்.

இன்னொரு விசேஷம். மழை பெய்தால் வயலில் மோட்டார் ஓடாது. ஓடாத மோட்டார் கருகாது. மோட்டார் கருகாவிட்டால் அண்ணாச்சிக்குப் பிழைப்பு இல்லை. அப்படிப்பட்டவர்தான் மழைக்கு ஏங்கினார். குருவிகுளம் பக்கம் வானம் லேசாகக் கறுத்தால் போதும், பாதி கட்டிய காயிலை அப்படியே போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்து அண்ணாந்து நின்றுவிடுவார். மோட்டாரின் சொந்தக்காரரும் கூட வந்து நிற்பார். வேறு என்ன செய்ய?

அந்த வருஷம் மழை எங்கள் ஊரைத் திரும்பியே பார்க்கவில்லை. திரையில் மழைக்கான கட்டத்தில் வாரக்கணக்காகப் பூஜ்யம். அண்ணாச்சி அதைப் பார்த்தே இளைத்தார். கடையில் பேச்சு குறைந்தது. “சோத்துல கைய வைக்காவ, அந்தத் திரையப் பாக்காவ, எந்திரிச்சுப் போயிருதாவ தம்பி” என்று கோமதி அக்கா என்னிடம் புலம்பினார். “டாக்டரு கேட்டா என்ன சீக்குன்னு சொல்ல? மழ பெய்யலன்னா?”

அப்புறம் ஒருநாள் மத்தியானம் அந்தக் கட்டத்தில் ‘இரண்டு மில்லிமீட்டர்’ என்று வந்தது.

அன்று மாலை ஆபீஸிலிருந்து திரும்பினால் வீடே கல்யாண வீடாக இருந்தது. அக்கா தலையில் பந்து பந்தாக மல்லிகைப்பூ. எனக்கும் சேர்த்துப் பிரியாணிப் பொட்டலம். “நான் கடையில இருக்கும்போது ஒரு தூறல் போட்டிருக்கு தம்பி! சாப்பிட வந்து பாக்கேன், ரெண்டு மில்லிமீட்டரு!”

மறுநாள் இந்தச் செய்தி கடையில் அறிவிக்கப்பட்டது. அங்கே மேலநீலிதநல்லூர் சம்சாரி ஒருவர் இருந்தார். மானாவாரியில் உளுந்து போடுகிறவர். எல்லோருக்கும் அவர் உளுந்துக்காரர்தான்.

“எங்கன வே பெஞ்சுது? நேத்தும் நான் இங்கனதான் கெடந்தேன். செருப்புல ஒரு சொட்டு ஈரமில்ல” என்றார் உளுந்துக்காரர்.

“மழைய அளக்க ஒம்ம செருப்பு என்ன மிசினா வே? மேகம் தெருத் தெருவாப் பாத்துத்தான் பெய்யும்.”

“அப்போ ஒம்ம தெருவுல ஒருத்தராவது நனைஞ்சிருக்கணும்லா?”

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். “பெஞ்சது எங்க மொட்டமாடியில” என்றார்.

கடை சிரித்தது. அடுத்த சில வாரங்களில் அண்ணாச்சி வீட்டில் மட்டும் மறுபடி மறுபடி தூறியது. ஒவ்வொரு முறையும் பூ, பிரியாணி, கடையில் அறிவிப்பு, சிரிப்பு. “அண்ணாச்சி, ஒங்க மொட்டமாடியில ரெண்டு படி உளுந்து வெதைச்சுக்கிடட்டா?” என்று உளுந்துக்காரர் கேட்ட அன்று அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது.

“அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க எல்லாத்தையும் மிசின் உள்ள பதிஞ்சு வைக்கும் வே. எடுத்துக் காட்டுதேன். மழைன்னு இருந்தா நீரு இத்தனை பேரு முன்னால மன்னிப்புக் கேக்கணும்.”

“இல்லன்னா?”

“இல்லன்னா இந்தக் கடையில மழை, வெயிலுன்னு நான் வாயே தொறக்கல.”

அது அவர் உயிரையே பணயம் வைத்த மாதிரி என்பது எல்லோருக்கும் தெரியும்.

பதிந்ததை வெளியே எடுக்க ஒரு மெமரி கார்டு வேண்டும். அண்ணாச்சி என்னையும் இழுத்துக்கொண்டு செல்போன் கடைக்குப் போனார். திரையைத் துண்டில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி எடுத்து வந்திருந்தார்.

“இதுக்குள்ள என்ன அண்ணாச்சி இருக்கு? கல்யாண போட்டோவா?” என்றார் கடைக்காரர்.

“மழை.”

“மழையில நனைஞ்சிட்டா?”

“மழையே உள்ளதான் இருக்கு வே. அத வெளிய எடுக்கணும்.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். “பெஞ்சது பெஞ்சிட்டு. அத எதுக்கு அண்ணாச்சி திரும்ப எடுக்கீய?” என்று கேட்டுக்கொண்டே கார்டுகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். புதுக் கார்டு எதையும் கருவி ஏற்கவில்லை. கடைசியில் ஒரு பழைய போனில் கிடந்த சின்ன கார்டை ஏற்றுக்கொண்டது. அண்ணாச்சி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் லேப்டாப்பை அவர்கள் ஹாலில் விரித்தோம். வரி வரியாக எண்கள் வந்தன. நேரம், வெப்பம், ஈரப்பதம், காற்று, மழை. அண்ணாச்சி பழைய ஆல்பம் பார்ப்பவர் போலானார். “இந்தா பாருங்க, போன ஆடித் தபசுத் திருவிழா அன்னைக்கு அடிச்ச காத்து! அன்னைக்குப் பந்தல் தூக்கிட்டுப் போச்சுல்லா, அதுதான் இது!”

கோமதி அக்கா அடுக்களை வாசலில் வந்து நின்றார். “பெஞ்ச மழைய இப்பம் தோண்டி என்ன செய்யப் போறீய? காப்பி ஆறுது, குடிங்க.”

“இரு கோமதி. மத்தியான மழை வருது.”

வந்தது. நான் வாசிக்க வாசிக்க எனக்கே குரல் இறங்கியது. அந்த மழை ஒருநாளும் தூறலாகப் பெய்யவில்லை. ஒரே ஐந்து நிமிஷத்தில் மொத்தமும் கொட்டிவிட்டு நின்றிருக்கிறது. முந்தின வரியிலும் இல்லை, அடுத்த வரியிலும் இல்லை. வெயில் ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. என் ஒரு லுங்கிக்கு ஏறிய ஈரப்பதம் இந்த மழைகளுக்கு ஏறவே இல்லை. எல்லாம் உச்சிவேளைக்குச் சற்று முன்னால், அக்கா காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போகிற நேரம். அண்ணாச்சி வீட்டிலேயே இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சொட்டு இல்லை.

அண்ணாச்சி ஒவ்வொரு மழை வரியையும் விரலால் தொட்டுக்கொண்டே வந்தார்.

“செம்புத் தண்ணியில ஒரு மடக்கு இருக்கும்லா தம்பி?” என்றார் மெதுவாக.

வாசலில் நின்ற அக்கா முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

“என்னங்க, கெடைச்சுட்டா?”

“கெடைச்சுட்டு.”

“மழைதானா?”

அண்ணாச்சி காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தார். “மழைதான்” என்றார். அக்கா உள்ளே போய்விட்டார். டி.வி. சத்தம் கொஞ்சம் கூடியது.

திங்கட்கிழமை கடையில் எல்லோரும் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “மழை இல்ல வே. காக்கா வந்து புனல்ல தண்ணியச் சிலுப்பியிருக்கு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்” என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டார்.

முதல் நாள் எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது. மூன்றாம் நாள் கடை இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. கத்தரி வெயில் மண்டையைப் பிளக்கிறது, அது எத்தனை என்று சொல்ல ஆளில்லை. உளுந்துக்காரருக்குத்தான் முதலில் தாங்கவில்லை.

“வே, இன்னைக்கு எத்தனை டிகிரின்னு சொல்லுமேன்.”

அண்ணாச்சி வாயைத் திறக்கவில்லை. நான்கு விரலைக் காட்டினார். பிறகு முஷ்டியை மூடினார். நாற்பது. அப்புறம் ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு புள்ளி குத்தி, மூன்று விரலை நீட்டினார்.

“பந்தயம் வேண்டாம் வே, எல்லாம் ரத்து!” என்று உளுந்துக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். “வாயத் தொறந்து பேசும். ஒம்ம சத்தம் இல்லாம ரெம்ப வேக்குது.”

பிறகொரு நாள் கோமதி அக்கா மாடியில் துணி எடுக்க வந்தபோது, நான் கேட்காமலே சொன்னார். “அன்னைக்கு ஒருநாளாவது ரெண்டு வாய் சேத்துச் சாப்பிடட்டுமேன்னுதான் தம்பி ஊத்துனேன். ஒருக்கத்தான்னு நெனச்சேன். பூ வாங்கிட்டு வந்து நின்னாவளா, அந்த மொகத்தப் பாத்தபெறவு நிறுத்த மனசு வரல. அவியளுக்குத் தெரிஞ்சா என்னைய வையுவாவ.”

அண்ணாச்சிக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை.

மத்தியான மழையும் நிற்கவில்லை. அண்ணாச்சி சாப்பிட வருவார், திரையைப் பார்ப்பார், “ஏ கோமதி, மழை பெஞ்சிருக்கு!” என்று முதல் தடவை மாதிரியே கத்துவார். சாயந்திரம் பூவோடு வருவார். கடையில் மட்டும் அதைப் பற்றி மூச்சு விடமாட்டார்.

நான் அந்த ஊரிலிருந்து மாற்றலாகி வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போதும் அவ்வப்போது போன் செய்வார். “இன்னைக்கு நமக்கு ரெண்டு மில்லிமீட்டரு தம்பி” என்பார். பின்னால் அக்கா சிரிப்பது கேட்கும். எந்த மழை என்று நான் கேட்பதில்லை. போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் நிற்பேன். இங்கேயும் காற்று குளிர்ந்த மாதிரிதான் இருக்கும்.